இரண்டு ஓட்டைகள்

திருப்பூரில் ஓட்டை இரண்டு வகை. தைக்கும்போது ஊசி பட்டு டி-ஷர்ட்டில் ஒரு பொட்டு ஓட்டை விழுந்தால், செக்கிங் அக்கா அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போடுவார். அந்தப் பீஸ் ரிஜெக்ட். அதே டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியை, பையர் சொன்ன இடத்தில், சொன்ன நீளத்துக்கு, சின்ன கிரைண்டரை வைத்து நாங்களே தேய்த்துக் கிழித்தால் அது ஸ்டைல். விலையும் கூடுதல். மங்கலத்தில் பிறந்து, பதினோரு வருடமாக பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எனக்கு ஹிப்பி ஃபேஷன் என்றால் முதலில் இந்த இரண்டு ஓட்டைகள்தான் ஞாபகம் வரும்.

அந்த ஃபேஷன் திரும்பி வந்திருக்கிறது. சுழல் சுழலாகச் சாயம் ஏற்றிய டை-டை டி-ஷர்ட், தொளதொள பேண்ட், பாசிமணி, ஜடைமுடி, மார்பில் ஓம், முதுகில் சிலும்பி பிடிக்கும் சிவன். வட்டக்கானலுக்கும் கோகர்ணத்துக்கும் போகிற பிள்ளைகள் இந்த உடையில்தான் போகிறார்கள். நம் கூட்டங்களுக்கு வரும் இளம் தோழர்கள் சிலருக்கும் இது பிடித்திருக்கிறது. பிடிப்பதில் குற்றமில்லை. அழகாகத்தான் இருக்கிறது. துணியை முறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பாட்டிலில் இருந்து சாயத்தைப் பீய்ச்சி, பிரித்துப் பார்க்கும்போது எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரு பீஸ் போல இன்னொன்று வராது. அதனால்தான் அதற்கு மவுசு. ஆனால் பையர் அப்ரூவ் செய்த சாம்பிளை விட்டு ரொம்ப விலகியும் வரக்கூடாது. ஒவ்வொன்றும் வேறுமாதிரி இருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவுக்கு வேறுமாதிரி இருக்க வேண்டும். சுதந்திரத்தை டஜன் கணக்கில் பேக் செய்தால் இப்படித்தான் ஆகும்.

நான் பேச வந்தது வேறு. அமெரிக்காவில் 1967இல் சான்பிரான்சிஸ்கோவின் ஹைட்-ஆஷ்பரி தெருக்களில் கூடிய இளைஞர்களில் பெரும்பாலோர் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பாவின் கோட்டையும் டையும் வேண்டாம் என்றார்கள். முடி வெட்டமாட்டோம், செருப்புப் போடமாட்டோம், சட்டை இல்லாமல் திரிவோம் என்றார்கள். வியட்நாம் போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த அரசுக்கு முன்னால் அது ஒரு மறுப்பு. அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது நம் நாட்டின் ஒரு பட்டியலைப் பாருங்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சாதி பற்றி எழுதிய புத்தகத்தில் அது பதிவாகி இருக்கிறது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. செருப்பும் குடையும் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. தங்கமும் வெள்ளியும் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

வெட்டாத முடி, வெறுங்கால், திறந்த மேல். ஹைட்-ஆஷ்பரியில் விடுதலை என்று எதைப் போட்டுக்கொண்டார்களோ, அதை முப்பத்தேழு வருடம் முன்பு இங்கே தண்டனையாகப் போட்டுவிட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் பனியன் இருப்பதைக் கவனியுங்கள். இன்று உலகத்துக்கே எங்கள் ஊர் தைத்து அனுப்பும் பனியன்.

ராமநாதபுரம் எங்கோ தெற்கே என்று கொங்குக்காரர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். என் தாத்தா இந்தப் பக்கம் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், வளவைத் தாண்டிய பிறகு போட்டுக்கொள்வார். அப்பா விசைத்தறிக்கு வந்தார். சனிக்கிழமை கூலி வாங்கினதும் அவர் செய்த முதல் ஆடம்பரம் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தது. இன்றும் அம்மா, கிழிந்த பேண்ட் போட்டு வரும் பையன்களைப் பார்த்தால், "ஏனுங் கண்ணு, தெச்சுத் தரட்டுமா?" என்று உண்மையாகவே கேட்பார்.

உடை என்பது ஆளுக்கு ஆள் வேறு. சொத்தும் சாதியும் பின்னால் இருக்கிற ஒருவன் அழுக்குச் சட்டையோடு நின்றால் அவனைக் கலைஞன் என்பார்கள். எங்கள் தெருப் பையன் அதே சட்டையில் நின்றால் போலீஸ் வண்டியை நிறுத்தும். அவனே நன்றாக உடுத்தினாலும் விடமாட்டார்கள். 2012இல் தர்மபுரி நாயக்கன்கொட்டாயில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட சமயத்தில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசினார். எட்டுத் தடைகளுக்கு எண்பத்திரண்டு வருடம் கழித்து வந்த ஒன்பதாவது தடை என்றுதான் அதை நான் வாசித்தேன்.

ஹிப்பிகளின் காலத்திலேயே இதைப் புரிந்தவர்கள் இருந்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் இருந்து பாலத்தைத் தாண்டினால் ஓக்லாண்ட். அங்கே 1966இல் தொடங்கிய பிளாக் பாந்தர் கட்சியினரின் உடை கருப்புத் தோல் ஜாக்கெட், நீலச் சட்டை, தலையில் பெரே தொப்பி. ஒரு மடிப்புக் கலையாது. ஒரே விரிகுடா, ஒரே வருடங்கள், இரண்டு உடைகள். கறுப்பர்களை அழுக்கர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் அழுக்காக இருப்பது அவர்களுக்குக் கலகமாகத் தெரியவில்லை. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் இயக்கம் கட்டியபோது அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் தலித் பாந்தர். கோவாக் கடற்கரை முழுக்க அப்போது ஹிப்பிகள்தான். அங்கிருந்து எடுக்க அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்பேத்கரின் கோட்டைப் பற்றி நான் தனியாக விளக்கத் தேவையில்லை.

இந்தியாவில் இருந்து ஹிப்பிகள் எதை எடுத்துப் போனார்கள் என்பதும் நம் வட்டாரத்துக் கதைதான். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் இசைவிழாவில் நாலு லட்சம் பேர் கூடினார்கள். தொடக்கத்தில் மேடையேறி ஆசி வழங்கிய சாமியார் சச்சிதானந்தா. கோவை செட்டிபாளையத்தில் 1914இல் நிலவுடைமைக் கவுண்டர் குடும்பத்தில் பிறந்தவர், ராமசாமி என்று பெயர். மங்கலத்தில் இருந்து செட்டிபாளையம் ஒரு மணி நேரப் பயணம். அவருக்கு முந்தின வருடம் பீட்டில்ஸ் ரிஷிகேஷ் வந்து போயிருந்தார்கள். யோகா, தியானம், ஓம் எல்லாம் அங்கே போனது. கீழவெண்மணி போகவில்லை. உட்ஸ்டாக்குக்கு எட்டு மாதம் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவில், நெல்லுக்கூலி உயர்வு கேட்ட தலித் கூலித்தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து செத்தார்கள். இந்தியா என்றால் அமைதி என்று அமெரிக்கப் பிள்ளைகள் நம்பிய காலம் அது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, விடுங்கள். அதே ஓமும் சிவனும் அச்சாகி நம் பிள்ளைகள் மார்புக்கே திரும்பி வரும்போது, நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

டி-ஷர்ட்டில் 'பூமியை நேசி' என்று ஆங்கிலத்தில் பிரிண்ட் போட்டிருக்கும். சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யலில் இறங்கி, 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையையே சாயக் குட்டையாக்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரை விவசாயிகளே வேண்டாம் என்றார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். மூடிய மாதங்களில் வேலையில்லாமல் நின்றவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஹிப்பிகளிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. யாரோடு வாழ்வது என்பதை அப்பா முடிவு செய்யக்கூடாது என்றார்களே, அது. அதைக் கற்க சான்பிரான்சிஸ்கோ வரை போக வேண்டியதில்லை. பக்கத்து ஈரோட்டில் ஒரு தாடிக்காரர் அதற்கு நாற்பது வருடம் முன்பே தாலியும் வேண்டாம், ஐயரும் வேண்டாம் என்று கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார். பெண்களைக் கிராப்பு வெட்டிக்கொள்ளச் சொன்னார். அவர்கள் சான்பிரான்சிஸ்கோவில் காதலின் கோடை என்று கொண்டாடிய அதே 1967இல் இங்கே அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், நண்பர்கள் சாட்சி இருந்தால் போதும். ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்கிற ஜோடிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மறுத்து மணந்ததற்காக, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா வெட்டுக்காயங்களோடு தப்பினார். அன்று அவர்கள் கடைவீதிக்கு வந்தது சங்கருக்குப் புதுத்துணி எடுக்க.

டை-டை போடுகிற தோழர்களிடம் கழற்றச் சொல்லமாட்டேன். அது விற்றால்தான் எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடும். போட்டுக்கொண்டு எங்கே நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். போன வருடம் எங்கள் கம்பெனியில் பேக்கிங் பையனும் செக்கிங் பெண்ணும் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார்கள். பையன் எங்கள் தெரு, பெண் வேறு சாதி. பெண்ணின் ஆட்கள் இரண்டு கார்களில் கம்பெனி வாசலில் வந்து நின்றபோது அவளை நடுவில் விட்டுச் சுற்றி நின்றவர்கள் அயர்னிங் ஆட்கள், ஒடிசாப் பையன்கள், நாலு டெய்லர் அக்காக்கள். எல்லோரும் சாதாரண காலர் வைத்த சட்டையிலும் நைட்டிமேல் போட்ட துண்டிலும்தான் இருந்தார்கள். காவல் நிலையம் வரைக்கும் கூடவே போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த இரண்டு பேரும் மங்கலத்தில் இப்போது மூன்றாவது வாடகை வீட்டில் இருக்கிறார்கள். முதல் இரண்டு வீட்டுக்காரர்களும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள்.