பிற்பாட்டுக்கு ஆளைக் கூப்பிடுங்கள்
யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்தில் கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். இதை ஒலிப்பதிவு செய்கிறபோது ஒரே குரலைப் பிரதியெடுத்து அடுக்கினால் கூட்டமாகப் பாடுவதுபோல் வராது, சத்தம்தான் கூடும். 1966இல் லண்டன் அபி ரோடு கலையகத்தில் பொறியியலாளர் கென் டவுன்சென்ட், பீட்டில்ஸ் குழுவுக்காக, ஒலிநாடாவின் வேகத்தைச் சற்றே அலையவிட்டு ஒரு குரலை இரண்டாக்கிக் காட்டினார். இன்று கணினியே 20, 30 மில்லி செக்கன் பிந்தவிட்டு, சுருதியை இம்மியளவு விலக்கி அதைச் செய்துவிடும். ஆனாலும் அத்தனை குரலும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கும், காது கண்டுபிடித்துவிடும். ஒருவர்தான் கிடைத்தார் என்றால், ஒலிவாங்கியிலிருந்து தள்ளித் தள்ளி நின்று ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பாடட்டும். ஊரில் பிற்பாட்டுக்காரர் இன்னும் இருக்கிறார்கள். கலையகம் வைத்திருப்போரே, முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.