உணவுப் பாக்கெட் முகப்புக் குறியீடு: சங்கத்தின் நிலைப்பாடு

பாக்கெட் உணவின் தரத்தை முகப்பில் நட்சத்திரங்களால் காட்டும் வரைவை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முகப்புக் குறியீடு பற்றி மூன்று மாதத்தில் பரிந்துரை கேட்டும் இழுபறி தீரவில்லை. ஆகவே சங்கம் தன் நிலையைப் பொதுவில் வைக்கிறது: நட்சத்திரத்தை ஏற்பதற்கில்லை. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பொருள்களின் முகப்பில் எச்சரிக்கையே வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்கு முகப்புக் குறியீடு வெறும் அச்சுப் பிரச்சினை அல்ல. அளவுக்கு மீறிய சர்க்கரையும் மாவும் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பாகத் தங்குகின்றன. அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பணுக்கள் பருக்கும்போது அங்கே நோய் எதிர்ப்பு அணுக்கள் குவிந்து, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. இதனால் இன்சுலின் இருந்தும் அது வேலை செய்ய முடியாமல் போகிறது. ஆள் ஒல்லியாக இருப்பதும் காப்பாற்றாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

இப்படிப்பட்ட உடல்வாகு உள்ள நாட்டில் நட்சத்திரம் என்ன செய்யும்? வரைவின்படி சர்க்கரையால் குறையும் மதிப்பெண்ணை நார்ச்சத்தும் புரதமும் கொட்டைகளும் ஈடுகட்டலாம். மைதாவும் பாமாயிலும் சர்க்கரையும் பிசைந்த பிஸ்கட்டில் கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்தால் புள்ளி ஏற வழியுண்டு. ஓட்ஸைப் பார்த்துச் சர்க்கரை கல்லீரலுக்குப் போகாமல் திரும்பிவிடுமா? இதைவிடக் கொடுமை, தர வரிசை தொடங்குவதே அரை நட்சத்திரத்தில். ஆக மோசமான பண்டத்துக்கும் ஒரு பாராட்டு! யாருக்காக எழுதப்பட்ட வரைவு இது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சிலி நாடு 2016இல் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. விளம்பரத் தடையும் சேர்ந்த அச்சட்டத்துக்குப் பின் அங்கே சர்க்கரை மிகுந்த பானங்கள் வாங்குவது ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் கறுப்பு முத்திரை புரியும்.

'சுகர் ஃப்ரீ' என்று எழுதி மைதா விற்பதையும் ஒழுங்குபடுத்துவது நலம். மைதாவைப் போலவே மாவுச்சத்து மிகுந்த அரிசி பற்றிச் சங்கத்தில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. நம் நாட்டில் சராசரியாக 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பதால், இயன்றவரை அரிசியின் அளவைக் குறைத்துப் பருப்பும் காய்கறியும் கூட்டுவது உகந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

மாவட்டக் கிளைகள் இந்நிலைப்பாட்டைத் தீர்மானமாக நிறைவேற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும்.