பார் 0.00 காட்டினா ஈஸி டிரான்னு அர்த்தம் இல்லைங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். செஸ் தெரியாதவங்களும் படிக்கலாம்.

"கம்ப்யூட்டர் 0.00ன்னு காட்டுச்சு, அதைப் போய் தோத்துட்டான். இவனெல்லாம் கிராண்ட்மாஸ்டரா?" பெரிய மேட்ச் எது முடிஞ்சாலும் இந்தக் கமெண்ட் வந்துடும். எழுதுறவங்க பார்த்தது போர்டை இல்ல, ஸ்கிரீன் ஓரத்துல ஏறி இறங்குற கருப்பு வெள்ளை பாரை மட்டும்தான்.

நம்ம சென்னைக் கதையையே எடுத்துக்கோங்க. 2013 நவம்பர், ஆனந்த் vs கார்ல்சன், உலக சாம்பியன்ஷிப். முதல் நாலு கேம் டிரா. 15ஆம் தேதி அஞ்சாவது, 16ஆம் தேதி ஆறாவது. ரெண்டுமே ரூக் எண்ட்கேம், அதாவது ராணியெல்லாம் போய் யானையும் சிப்பாய்களும் மட்டும் மிச்சம். பார் காட்டினது கிட்டத்தட்ட சமம். ரெண்டையும் ஆனந்த் தோத்தார். மேட்ச்சே அங்கதான் கை நழுவுச்சு, கடைசியில 6.5 - 3.5.

அஞ்சாவது கேம்ல 45ஆவது நகர்த்தல், யானையால ஒரு செக். பார்த்தா இயல்பான ஆட்டம். ஆனா யானை ஏ1க்குப் போயிருக்கணும். ஆறாவது கேம் இன்னும் கொடுமை. கார்ல்சன் சிப்பாய்களை வாரிக் கொடுத்துட்டு ஒரே ஒரு சிப்பாயை ராணியாக்க ஓடுறார். ஆனந்த் கையில சிப்பாய் அதிகம். 60ஆவது நகர்த்தல்ல யானையை ஏ4க்கு நகர்த்தினார். பி சிப்பாயைத் தள்ளி பி4 ஆடியிருந்தா டிரா. அந்த ஒரு ஆட்டத்தோட சரி.

இதைத்தான் பார் சொல்லாது. பத்து ஆட்டத்துல எதை ஆடினாலும் தப்பிக்கிற பொசிஷனுக்கும் 0.00. ஒரே ஒரு ஆட்டம்தான் காப்பாத்தும், மத்த எல்லாம் தோல்விங்கிற பொசிஷனுக்கும் அதே 0.00. முதலாவது வராண்டால வாக்கிங். ரெண்டாவது கிணத்து மேல கயிறு கட்டி நடக்கிறது. அந்தக் கயித்துல உங்களை மணிக்கணக்கா நடக்க வைக்கிறதுதான் 22 வயசு கார்ல்சனோட திறமையே. அது 'அதிர்ஷ்டம்'னு இன்னும் எழுதுறாங்க!

எங்க வார்டுலயும் இதே கூத்துதான். ஆஸ்துமா அட்டாக் தீவிரமா இருக்கிற ஆளுக்கு ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிருக்கணும், வேகமா மூச்சு விடுறார் இல்லையா. ரிப்போர்ட்ல அது 'நார்மல்'னு வந்தா நாங்க நிம்மதி ஆக மாட்டோம், பதறுவோம். ஆள் களைச்சுப் போறார்னு அர்த்தம். எண் நார்மல்தான், ஆள் நார்மல் இல்ல.

"அப்போ என்ஜின் தப்பா டாக்டர்?" இல்ல. நீங்க கேக்காத கேள்விக்கு அது பதில் சொல்லுது. ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பு 2022 டிசம்பர்ல வந்துச்சு. அதுல இருந்து +1.00க்கு அர்த்தம் என்ன தெரியுமா? ஸ்டாக்ஃபிஷ் தன்னோட தானே ஆடினா அந்தப் பக்கம் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு. மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவுல உள்ள கணக்கு. இதுல வேர்த்துப்போய் உக்காந்திருக்கிற 43 வயசு மனுஷன் எங்க வர்றார்?

டேபிள்பேஸ்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு ராஜாவையும் சேர்த்து 7 காய் வரைக்கும் எல்லா பொசிஷனுக்கும் முடிவு கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. இது கணிப்பு இல்ல, நிரூபணம். அதுகூட ஜெயிப்பு, டிரா, தோல்வின்னுதான் சொல்லும். எவ்ளோ கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லாது.

பெரியவங்களைத் திட்டினா அவங்க தாங்கிக்குவாங்க. என் கோபம் வேற இடத்துல. ஒரு அண்டர்-11 டோர்னமென்ட்டுக்கு மெடிக்கல் டியூட்டி போயிருந்தேன். தோத்துட்டு வெளிய வந்த பையன்கிட்ட அப்பா போனை நீட்டுறார். "பாரு, 0.00 இருந்திருக்கு. எப்பிடிடா தோத்த?" ரூக் எண்ட்கேம். ரெண்டு மணி நேரம் ஒரு சிப்பாய் கம்மியா வெச்சுக்கிட்டுப் போராடியிருக்கான் அந்தப் புள்ள. தண்ணிகூட குடிக்கல. பதில் சொல்லத் தெரியாம ஷூவைப் பாத்துட்டு நின்னான்.

அப்பாக்களே, அம்மாக்களே, கோச்சுகளே: கேம் முடிஞ்ச உடனே என்ஜினைத் திறக்காதீங்க. முதல்ல பிள்ளையைப் பேச விடுங்க. எங்க பயந்தான், எந்த ஆட்டத்தை யோசிச்சு விட்டான்னு அவனே சொல்லட்டும். அப்புறம் சாப்பாடு வாங்கிக் குடுங்க. என்ஜினை ராத்திரி பாத்துக்கலாம்.

'ஈஸி டிரா'ன்னு கமெண்ட் போடுறவங்களுக்கு ஒரு வேலை. அந்த ஆறாவது கேம், வெள்ளையோட 60ஆவது நகர்த்தலுக்கு முந்தின பொசிஷனை போர்டுல வைங்க. பி4ஐ நானே சொல்லிட்டேன், அதை ஆடிக்கோங்க. அதுக்கப்புறம் போனை ஆஃப் பண்ணிட்டு, நல்லா ஆடுற ஒருத்தரை கருப்புல உக்கார வெச்சு, வெள்ளையைக் காப்பாத்திக் காட்டுங்க. என்ன ஆச்சுன்னு கீழ எழுதுங்க, படிக்கிறேன். நைட் டியூட்டிதான் இன்னைக்கு.