மனைவி என்று நிரூபிக்கும் சுமை மனைவிக்கு வேண்டாம்: படைவீரர் குடும்ப ஓய்வூதியம் பற்றி எங்கள் நிலைப்பாடு

வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்களில் இருந்து பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேருகிறவர் 15 ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். நாற்பதைத் தொடும் முன்பே பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எல்லைப் பணியில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது. அந்த ஆண்டுகளில் வயலையும் மாமியாரையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் சிப்பாயின் மனைவி.

கணவர் இறந்ததும் அந்த அம்மாவிடம் அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள்தான் மனைவியா என்பது.

விதியில் குழப்பம் இல்லை. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. தொடக்கத்தில் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் விகிதம். 2016 முதல் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், அகவிலைப்படி தனி. ஆவணத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. திருமணம், குடும்ப விவரங்களைப் பதியும் படைப்பிரிவின் பார்ட் டூ ஆர்டரில் ஏறாமல் விடுபட்டிருக்கும். ஏறியிருந்தாலும் டிஸ்சார்ஜ் புக்கில் தகப்பனார் இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் ஒருவர் விட்ட எழுத்துக்காக, எழுபது வயதுப் பெண் தாலுகா அலுவலகத்துக்கும் நோட்டரிக்கும் நடக்கிறார். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவண அலுவலகம் வெலிங்டனில். ஓய்வூதிய ஆணை பிரயாக்ராஜில் இருந்து வர வேண்டும். நடுவில் படைத்துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம்; அதில் வரும் கடவு எண் இறந்தவரின் செல்பேசிக்குப் போனால் அதற்கும் ஒரு அலைச்சல்.

நிலுவை பிறகு மொத்தமாக வந்துவிடும் என்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருந்து, வேறு யாரும் உரிமை கோராத நிலையில், குறைந்தபட்சத் தொகையைத் தற்காலிக ஓய்வூதியமாக உடனே தொடங்க வேண்டும். பெயர் வேறுபாட்டைத் தீர்ப்பது அதன்பின் நடக்கட்டும். அந்தப் பொறுப்பு ஆவணத்தை வைத்திருக்கும் அலுவலகத்துடையது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலர் ஊருக்கே வந்து விசாரித்துத் தரும் அறிக்கையைச் சான்றாக ஏற்க வேண்டும். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுத்தில் தர வேண்டும். படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவது கடைசி வழியாக இருக்க வேண்டும். கைம்பெண் ஒருவர் தன் பெயரைத் திருத்துவதற்கே அங்கே போகும் நிலை கூடாது.

பணியில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். அடுத்த விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியதும், மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே பதிவாகி இருக்கிறதா என்று எழுத்தரிடம் கேட்டுப் பாருங்கள். நகல் ஒன்றை வீட்டுக்கு அனுப்புங்கள்.