கம்ப்யூட்டர் பழுதும் கல்லாப்பெட்டிச் சாவியும்

கடையில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் நாமே திறந்து பார்ப்பதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா? வணிகர்கள் இருவர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. "எல்லாம் யூடியூபில் இருக்கிறது, மெக்கானிக்குக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்?" என்பார் ஒருவர். "நமக்கு எதற்கு வம்பு, தெரிந்தவர் கையில் விட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம்" என்பார் மற்றவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. பெட்டியை யார் வேண்டுமானாலும் சரி செய்யட்டும். கணக்கின் நகலும் அதைத் திறக்கும் சாவிகளும் கடை முதலாளியின் கையை விட்டுப் போகக் கூடாது என்பதே நம் கருத்து.

கருணாபுரத்திலும் கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும் தொழில் செய்யும் நமக்கு இது மிகவும் பொருந்தும். கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்கும் வேலை சாதாரணக் கடைகளில் நடப்பதில்லை. சென்னை, பெங்களூர் போன்ற ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். கேட்கும் கூலிக்குப் புதிய கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். அப்படியும் கணக்கு திரும்பி வரும் என்று எவரும் உறுதி தரமாட்டார். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் சரக்கு ஏற்றும் மொத்த வியாபாரியின் கணக்கில், மலைமேல் உள்ள சிறுகடைக்காரர்களின் பற்று வரவு இருக்கிறது. மரவள்ளி ஆலைக்குப் போய்ப் பணம் கைக்கு வந்த பிறகு தீர்க்கப்படும் பாக்கி அது. முன்பு பேரேட்டில் இருந்தது, இன்று டேலியில் இருக்கிறது. பேரேடு நனைந்தாலும் நாலு பக்கமாவது படிக்கக் கிடைக்கும். டிஸ்க் போனால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை அவரவர் மனசாட்சியைத்தான் கேட்க வேண்டும்.

முதலில், நாமே செய்யக் கூடியவற்றைப் பார்ப்போம். மளிகைக் கடைக் கம்ப்யூட்டருக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தூசி, எலி, கரண்ட் ஆகிய மூன்றினால் வருபவை. மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்தால் ஃபேன் அடைத்துச் சூடேறி, தானாக அணைந்து அணைந்து எரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்ய மெக்கானிக் வேண்டியதில்லை. சுவிட்ச் போட்டால் "பீப் பீப்" என்று கத்தித் திரையில் ஒன்றும் வராவிட்டால், பல நேரங்களில் ரேம் பலகையைக் கழற்றி, அதன் பித்தளை நிற ஓரத்தைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினாலே உயிர் வந்துவிடும். நம் ஊர் மெக்கானிக்கும் முதலில் இதைத்தான் செய்வார்.

பில் பிரிண்டரில் தாள் வெறுமையாக வருகிறதென்று பிரிண்டரையே தூக்கிக் கொண்டு போகிறவர்கள் உண்டு. தெர்மல் தாளில் ஒரு பக்கம்தான் எழுத்து விழும். நகத்தால் கீறிப் பார்த்தால் கறுக்கும் பக்கமே சரியான பக்கம். ரோலைத் திருப்பிப் போட்டால் போதும். ஜி.எஸ்.டி. இணையதளம் திறக்கவில்லை, "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது என்றால், உடனே நெட் கம்பெனியைத் திட்டாமல் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். அது பல ஆண்டு பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும் சிறு பேட்டரி அது. யு.பி.எஸ். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லையென்றால் அதன் பேட்டரியை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள். கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் கணக்கு ஃபைல் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இந்த பேட்டரியே காரணமாக இருக்கும்.

இதற்கு மேல் போகும்போதுதான் நிதானம் தேவை. எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டியை யாரும் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்தால், இன்னொரு முறை போட்டுப் பார்ப்போமே என்ற ஆசையை அடக்கி உடனே அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை சுழலும்போதும் மீட்க முடிந்ததும் தேய்ந்து போகலாம். தவறுதலாகக் கணக்கை அழித்துவிட்டாலும் அப்படியே, அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் அழிந்ததை மீட்பது இன்னும் கடினம்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டதோடு நம் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. இந்தத் தொழிலில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக ஒரு சொல் புழங்குகிறது: "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் அண்ணாச்சி." சரியாகிவிடும் என்பது உண்மை. ஒன்றும் இல்லாத பெட்டியில் கோளாறு எங்கிருந்து வரும்? பலருக்கு டேலி கணக்கு விண்டோஸ் இருக்கும் அதே சி டிரைவில் இருக்கிறது. ஃபார்மட் போட்டால் விண்டோஸோடு கணக்கும் போய்விடும். தம்பியிடம் "எங்கள் கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டாயா, எங்கே எடுத்து வைத்தாய், திறந்து காட்டு" என்று கேட்டுப் பார்த்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. லாரியில் ஏறும் மூட்டையை எண்ணிப் பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

கணக்கைக் காப்பது சட்டப்படியும் நம் கடமை. ஜி.எஸ்.டி. சட்டத்தின்கீழ், ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். சி.ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ம் விதி இன்னும் தெளிவு: கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி முறையான நகல் வைத்திருக்க வேண்டும். "மெக்கானிக் அழித்துவிட்டார்" என்று அதிகாரியிடம் சொன்னால் அனுதாபம் கிடைக்கலாம், அதோடு சரி.

கம்ப்யூட்டர் எந்தத் தேதியில் நிற்கிறது என்பதும் முக்கியம். மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் மொத்த வியாபாரி 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 போட்டாக வேண்டும். 1.1.2022 முதல், நாம் ஏற்றிய பில் வாங்கியவரின் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் வந்தால்தான் அவருக்கு வரி வரவு கிடைக்கும். அந்தப் பட்டியல் 14-ம் தேதி தயாராகிறது. பத்தாம் தேதி நம் பெட்டி நின்று, "ஒரு வாரம் ஆகும்" என்றால், நம்மிடம் சரக்கு எடுத்தவர் வரி வரவுக்கு இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும். 3பி ரிட்டர்ன் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய், கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இதையெல்லாம் கட்டிவிடலாம். வேறு கடைக்குப் போன வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்து வருவது சிரமம்.

சாவி விஷயத்துக்கு வருவோம். 19.7.2024 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டினால், மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கான பரிகாரம் மிக எளிது. சேஃப் மோடில் திறந்து ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன்கூடச் செய்துவிடுவான். ஆனால் டிஸ்க் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது. எண் கையில் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய எஞ்சினியர் வந்தும் பயனில்லை.

இது ஏதோ விமானக் கம்பெனி சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. இப்போது வரும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைக் கொடுத்துத் தொடங்கியதும் டிஸ்க் தானாகவே இப்படிப் பூட்டிக் கொள்கிறது. சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிய தம்பி, "அண்ணாச்சிக்கு இ-மெயில் இல்லை" என்று தன் இ-மெயிலையே போட்டுவிட்டால், நம் கடைக் கணக்கின் சாவி அவரிடம் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். இரண்டு வருடத்தில் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விட்டால் யாரைத் தேடுவது? டேலி லைசென்ஸ் எந்த இ-மெயிலில் இருக்கிறது, ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. யாருடைய செல்லுக்கு வருகிறது என்பதையும் இன்றே விசாரித்து, ஒரு நோட்டில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கல்லாச் சாவியைக் கடைப்பையனிடம் கொடுக்கத் தயங்கும் நாம், இதில் மட்டும் கர்ணனாக இருக்கிறோம்.

மெக்கானிக்குகளையே குறை சொல்வதும் நியாயமில்லை. அடக்க விலைக்குக் கீழே ஒரு கிலோ பருப்புத் தரமாட்டோம். அவரிடம் மட்டும் "விண்டோஸுக்கு எதற்குக் காசு, ஏதாவது போட்டுவிடப்பா" என்கிறோம். அவரும் கள்ளக் காப்பியைப் போடுகிறார். அதைப் போடுவதற்காக ஆன்டி வைரஸை அணைப்பதும், அப்டேட்டை நிறுத்திவைப்பதும் சகஜம். 12.5.2017 அன்று தொடங்கிய வானாக்ரை வைரஸ், கணக்குகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகளும் ஆந்திரக் காவல் துறையின் சில கம்ப்யூட்டர்களும் அதில் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக் கொண்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 14.10.2025-உடன் நின்றுவிட்டது. பழைய பெட்டி எல்லாம் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. உங்கள் பெட்டி ஏற்குமா என்று பார்த்துச் சொல்வது கூலி கொடுத்துக் கேட்க வேண்டிய வேலை.

போனில் வரும் மெக்கானிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிண்டர் கம்பெனியின் நம்பரை இணையத்தில் தேடினால், முதலில் வருவது கம்பெனி நம்பராகவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. "எனிடெஸ்க் போடுங்கள், ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பணத்தை எடுக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. நம்பரைப் பிரிண்டரோடு வந்த அட்டையிலிருந்து எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஒரு கடை தனியாக ஒரு நல்ல மெக்கானிக்கைக் கட்டி வைக்க முடியாது. ஒரு வீதியில் உள்ள பத்துக் கடைகள் சேர்ந்தால் முடியும். ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், ரிட்டர்ன் நாட்களில் கூப்பிட்டால் அன்றே வரவேண்டும், கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும், மாற்றிய சாமானுக்குப் பில் தரவேண்டும் என்று எழுதிக் கொள்ளலாம். அந்தத் தம்பிக்கும் நிலையான வருமானம் கிடைக்கும். கள்ளக் காப்பி போடும் அவசியமும் குறையும். நம் சங்கம் இதை முன்நின்று செய்யலாம்.

அதுவரை, வாரம் ஒருமுறை கடை அடைக்குமுன் டேலி பேக்கப்பைப் பென்டிரைவில் எடுப்பதைக் கடைப்பையனிடம் விடாமல் நாமே செய்வோம். அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் எடுத்து வைப்பது நகல் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பென்டிரைவைச் செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். இரண்டு பென்டிரைவ் வாங்கி, ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று என்று மாற்றி மாற்றி எடுத்து வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். மேசை இழுப்பறையில் ஒரு கை பில் புக்கும் இருக்கட்டும். பில் எண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது என்பதால், அதற்குத் தனி வரிசை எண் அச்சடித்துக் கொள்ளலாம். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள, இ-இன்வாய்ஸ் போடவேண்டிய மொத்த வியாபாரிகளுக்கு மட்டும், வியாபாரிக்கு விற்கும் சரக்கில் இந்தக் கை பில் செல்லாது. அவர்கள் இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.