நூலகரைத் தேடிச் செல்வோம்

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். இரங்கநாதன், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. அவ்விதி நம் கல்லூரி நூலகங்களில் எவ்வளவு பேணப்படுகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழையும் வினா.

நமக்கு ஒரு பட்டறிவு உண்டு. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக ஊர் ஊராக நூலகம் ஏறி, அட்டைப் பட்டியல்களைப் புரட்டினோம். ஆய்வேட்டை ஒப்படைத்த பின்னரே, ஏறத்தாழ அதே பொருளில் வேறொரு பல்கலைக்கழகத்தில் முன்னரே ஆய்வு நிகழ்ந்திருந்தமை தெரியவந்தது. ஓராண்டு உழைப்பு ‘கூறியது கூறல்’ என்னும் குற்றத்திற்கு ஆளாயிற்றே என்று நொந்தோம்.

இன்றைய மாணவர்க்கு அந்நிலை வேண்டா. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்வடிவை ஒப்படைக்க வேண்டுமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடுவம் அவற்றைச் ‘சோத்கங்கா’ என்னும் இணையக் களஞ்சியத்தில் சேர்த்து வருகிறது. பல இலட்சம் ஆய்வேடுகளை அங்கே கட்டணமின்றிக் காணலாம். தலைப்பை முடிவு செய்யுமுன் ஒருநாள் அங்கே செலவிட்டால், ஓராண்டு வீணாகாது.

தமிழ் பயில்வோர்க்கென்றே அமைந்த ஊற்றுகளும் உள. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய அச்சு நூல்களைப் படிமங்களாகவே தருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் ‘நூலகம்’ 2005 முதல் இயங்கி வருகிறது. நூலக நிருவாகத்திற்கு நியூசிலாந்தில் உருவாகி, 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்த ‘கோஹா’ மென்பொருள் இருக்கிறது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு நன்கொடை என்பது பொருள். பெயருக்கேற்ப அது விலையின்றியே கிடைக்கிறது.

“இவையெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்க, நூலகர் எதற்கு?” என மாணவர் வினவக்கூடும். உமறுப் புலவர் பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறுவாறும் எழுதுவர். ஒரே வடிவில் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார். மின்பதிப்பில் ஒரு பாடலைக் கண்டவர், அஃது எந்த அச்சுப் பதிப்பைத் தழுவியது என்று நோக்காமலே மேற்கோள் காட்டிவிடுவார். எங்கு, எவ்வாறு தேடுவது, கிடைத்ததை எவ்வளவு நம்புவது என்று உடனிருந்து கற்பிப்பவரே நூலகர்.

ஆசிரியர்க்கும் இத்துணை தேவை. தரமான ஆய்விதழ்களைக் காட்டவெனப் பல்கலைக்கழக மானியக் குழு பேணிவந்த ‘கேர்’ பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் மலிந்துவிட்ட காலம் இது. இனி இதழின் தரத்தை நாமே ஆய்ந்தறிய வேண்டும். சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய ‘டி.ஓ.ஏ.ஜே.’ என்னும் கட்டணமில்லா இதழ்களின் அடைவு இதற்கு ஓரளவு கைகொடுக்கும். அதில் இல்லாத இதழெல்லாம் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. இத்தகைய நுட்பங்களை அறிந்து சொல்ல வேண்டியவரை, நாமோ புத்தகம் வழங்கிக் கையொப்பம் பெறுபவராகவும், தண்டத்தொகை தண்டுபவராகவும் மட்டுமே வைத்திருக்கிறோம். இது அவர் குறையன்று, நம் குறையே.

ஆதலின் மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாமாண்டு மாணவர்க்கு நூலகர் நடத்தும் தேடற் பயிற்சி வகுப்புகளைக் கால அட்டவணையிலேயே சேர்த்தல் வேண்டும். நூலகர் புதியன கற்கப் பயிற்சி முகாம்களுக்குச் சென்றுவர, ஆசிரியர்க்கு அளிப்பது போன்றே விடுப்பும் செலவும் அளித்தல் வேண்டும். நம் துறையில் எழுதப்படும் ஆய்வேடுகளின் பட்டியலையேனும் நம் நூலகம் இணையத்தில் இடுதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. மனமே தேவை.

கல்விக்கெனக் கட்டடங்களை எழுப்பித் தந்த பெரியோர்கள் இதனையும் கருத்திற்கொள்வார்களாக. மாணவச் செல்வங்களே! நாளைக் காலை நூலகத்திற்குச் சென்று, நூலகரிடம் ஒரு வினாவேனும் கேளுங்கள். நாம் அன்று கேட்கத் தவறிய வினா அதுவாகவும் இருக்கலாம்.