பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி மாதம் பிறந்து விட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வானிலை சாஸ்திரத்தில் திடீரென்று ஓர் அபிமானம் உண்டாகி விடுகிறது. வங்காளக் குடாக்கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது என்ற செய்தியை, பூகோளப் பாடத்தில் ஒருநாளும் காட்டாத சிரத்தையுடன் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டா என்பது அவர்கள் கவலை. பெரியவர்களோ, "புயல் வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறார்கள். வராமற் போனால், "இவர்கள் சொன்னது என்றைக்குப் பலித்தது?" என்று ஒரு சிரிப்பு. அத்துடன் விஷயம் முடிந்து விடுகிறது.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய காரியமா இது? புயல் பிறப்பதற்குக் கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியிருக்க வேண்டும். அந்தச் சூடு ஓரளவு ஆழம் வரை இறங்கியிருக்கவும் வேண்டும். பூமியின் சுழற்சியால் காற்றுக்கு உண்டாகும் திருப்பம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் போதாது. ஆகையால் பெரும்பாலும் 5 டிகிரிக்கு அப்பால்தான் புயல் உருவாகிறது. கீழ்க் காற்றும் மேற்காற்றும் வேகத்திலும் திசையிலும் மிகவும் மாறுபட்டால், எழும்பிய மேகத் திரள் சரிந்து கலைந்து போகும். இவ்வளவும் கூடி வந்தால்தான் புயல்.

உஷ்ணக் கடல்களில் எழும் புயல்களைக் கண்காணிக்க உலக வானிலை ஸ்தாபனத்தின் ஏற்பாட்டில் ஆறு பிரதேச நிலையங்கள் இருக்கின்றன: மயாமி, ஹொனலூலு, டோக்கியோ, புது டில்லி, ரீயூனியன் தீவு, பிஜியிலுள்ள நாடி. இவற்றில் எதுவும் "கட்டாயம் புயல் பிறக்கும்" என்று சத்தியம் செய்து கொடுப்பதில்லை. மயாமி நிலையம், அடுத்த 7 நாட்களில் இன்ன இடத்தில் புயல் உருவாக நூற்றுக்கு இத்தனை பங்கு வாய்ப்பு என்று மதிப்பிட்டுச் சொல்கிறது. நூற்றுக்கு 30 பங்கு என்று சொன்ன புயல் பிறக்காமற் போனால் சாஸ்திரம் பொய்த்துவிட்டதென்று அர்த்தமா? பத்து முறை அப்படிச் சொன்னால் ஏழு முறை பிறக்காமல் இருப்பதுதானே சரியான கணக்கு!

பிறந்த பிறகு அது போகும் பாதையைச் சொல்வதிலும் இதே சங்கடம் உண்டு. புயலின் மையம் இருக்கும் இடத்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லும்போது, சராசரியாக 70, 80 கிலோமீட்டர் முன்பின்னாக இருக்கலாம். சென்னைக்கும் மதுராந்தகத்துக்கும் உள்ள தூரம் அது. முன்னாளைய கணிப்புகளுடன் ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம்மவர்கள் படத்தில் வரைந்த கோட்டை மாத்திரம் பார்த்து, "நம் ஊருக்கு இல்லை" என்று நிம்மதி அடைந்து விடுகிறார்கள். 2023 டிசம்பரில் வந்த 'மிக்ஜாம்' புயல் கரையைக் கடந்தது ஆந்திர தேசத்துப் பாபட்லாவுக்கு அருகில். அதற்கு முன்பே வெள்ளத்தில் மூழ்கியது சென்னை. கோடு போன இடம் ஒன்று, துன்பம் வந்த இடம் மற்றொன்று.

துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றியும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. எண் ஏற ஏறப் புயலின் கோபமும் ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1, 2 என்பவை தூரத்து எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் அபாயக் கூண்டுகள். 8, 9, 10 மூன்றும் பேரபாயக் கூண்டுகள். ஒவ்வொரு மூன்றிலும் எண் வித்தியாசம் குறிப்பது, புயல் துறைமுகத்துக்கு இப்புறமாகக் கடக்குமா, அப்புறமாகக் கடக்குமா, நேராகவே வருமா என்பதைத்தான். அப்படியானால் 11? அதைப் பின்னால் சொல்கிறோம்.

எச்சரிக்கையைப் புறக்கணிப்பது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அல்ல. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர்தான் சுழற்புயலுக்கு 'சைக்ளோன்' என்று பெயரிட்டவர். கல்கத்தாவுக்குத் துணையாக மாட்லா நதிக் கரையில் ஒரு துறைமுகம் அமைக்கச் சர்க்கார் யோசித்தபோது, அந்த இடம் ஒருநாள் புயலுக்கும் கடல் வெள்ளத்துக்கும் இரையாகும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். யாரும் செவி சாய்க்கவில்லை. கானிங் துறைமுகம் எழும்பிற்று. பிடிங்டன் 1858-ல் காலமானார். 1867-ல் புயல் வந்து துறைமுகத்தைச் சீர்குலைத்தது. கெட்டிக்காரரின் வாக்கு பலித்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

செவி சாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரிஸ்ஸாவே சாட்சி. 1999 அக்டோபரில் அங்கே அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் 'பைலின்' என்ற கொடும்புயல் கோபால்பூர் அருகே தாக்கியது. இம்முறை சுமார் 10 லட்சம் ஜனங்களை முன்கூட்டியே மேட்டு நிலங்களுக்கும் புயற்காப்பு மனைகளுக்கும் கொண்டு சேர்த்தார்கள். உயிரிழந்தவர்கள் சில பத்துப் பேரே. கடலும் காற்றும் மாறவில்லை. சொன்னவர்கள் காலத்தில் சொன்னார்கள். கேட்டவர்கள் நம்பிப் புறப்பட்டார்கள்.

ஆனால் செய்தி போய்ச் சேராத இடத்தில் இருப்பவன் எதை நம்புவான்? 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்கருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் 'ஒக்கி' என்ற புயலாகி விட்டது. கன்னியாகுமரி ஜில்லாவின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அவர்களில் பலர் கரையின் குரல் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவேயில்லை. 2019-ல், நடுக்கடலிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெறுவதற்கு 'ஜெமினி' என்ற கருவி வெளியிடப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி இருந்து, அது பழுதில்லாமலும் இருந்தால்தான் அதன் பலன் முழுமையாகும். இதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு மீனவர்களுக்கு மட்டுமா? மீன் தின்னும் நமக்கும் இல்லையா?

இனி, பதினோராம் எண் கூண்டுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பெரிய புயலை அது குறிக்கிறது என்று எண்ணாதீர்கள். வானிலை நிலையத்துடன் செய்தித் தொடர்பு அறுந்து விட்டது, மோசமான காலநிலை வரும் அபாயம் இருப்பதாகத் துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். பேரபாயக் கூண்டுகளுக்கும் மேலாக, செய்தி வராத நிலைக்கென்றே ஒரு கூண்டை வைத்திருக்கிறார்கள்! எவ்வளவு அனுபவம் இதில் அடங்கியிருக்கிறது!

நம் வீடுகளில் இந்தக் கூண்டை நாமாகவே ஏற்றிக்கொள்ள வேண்டாம். அறிக்கையை முழுவதும் படியுங்கள். அது எந்த மணிக்கு வெளியிடப்பட்டது என்பதையும் பாருங்கள். நேற்றைய அறிக்கையை இன்றையது போலக் கைப்பேசியில் பரப்பாதீர்கள். வராத புயலுக்காக ஒருநாள் வீடு விட்டுப் போனவர்களைப் பரிகசிக்காதீர்கள். அந்தப் பரிகாசத்துக்கு அஞ்சியே அடுத்த முறை அவர்கள் புறப்படாமல் இருந்து விடலாம். விடுமுறைக்காக அறிக்கை கேட்கும் பிள்ளைகளுக்கு, அதே நேரத்தில் கடலில் படகுகள் இருக்கின்றனவா என்று கேட்கவும் பழக்கி வைப்போம்.